நாரைக்கும் ஒரு முகம் உண்டு!

குட்டீஸ்... காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையின் கரையை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மயில், அன்னம், கிளி, இருதலைப்பட்சி என்று எத்தனை பறவைகள் ஜரிகையில் வரிசை கட்டி நிற்கின்றன! ஊரிலுள்ள கோவில் தூண்களிலும் கல்லில் செதுக்கிய பறவைகளைப் பார்க்கலாம். தறியில் உட்காரும் நெசவாளருக்கும், உளி பிடித்த சிற்பிக்கும் பறவை என்றால் அவ்வளவு பிரியம்!

புடவையை விட்டு வெளியே வாருங்கள். அதே காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிகள் ஏராளம். மழைக்காலம் முடிந்ததும் அந்த ஏரிகளின் ஓரத்தில், முழங்கால் தண்ணீரில், அசையாமல் நிற்கும் நீண்ட கால் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பெயர் என்ன என்று கேட்டால், நம்மில் பாதிப்பேர் கொக்கு என்று சொல்லிவிடுவோம். கால் நீளமாக இருந்தால் கொக்கு. இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நாரை. அத்தோடு சரி!

ஆனால், ஒவ்வொரு பறவைக்கும் தனி முகம், தனி மூக்கு, தனிக் குணம் உண்டு என்பதைப் பொறுமையாகப் பார்த்து, படமெடுத்து, எழுதி, நமக்குச் சொன்ன தமிழர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மா.கிருஷ்ணன். இந்தியாவின் தலைசிறந்த காட்டுயிர் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

கீரி வளர்த்த சிறுவன்

1912ம் ஆண்டு ஜூன் 30ம் தேதி, திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். வீட்டில் எட்டுக் குழந்தைகள், இவர்தான் கடைக்குட்டி.

அப்பா யார் தெரியுமா? தமிழின் முதல் நாவலாசிரியர்கள் வரிசையில் வைத்துப் பேசப்படும் அ.மாதவையா! 'பத்மாவதி சரித்திரம்' என்ற நாவலை எழுதியவர்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியிருந்தது. இன்று மயிலாப்பூர் என்றால் கடைகளும், வாகனங்களும், கூட்டமும்தான் நினைவுக்கு வரும். 100 ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. வீடுகளுக்கு நடுவே புதர்க்காடு இருந்தது, பறவைகள் இருந்தன, ராத்திரியில் நரி ஊளையிடும். கிருஷ்ணனுக்கு அதுதான் விளையாட்டு மைதானம். ஒரு கீரியைக்கூட அவர் செல்லமாக வளர்த்தார்.

1925ல் பெரிய இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில், தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்து உட்கார்ந்த மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. மூத்த அக்கா லட்சுமி குடும்பப் பொறுப்பை ஏற்று, தம்பி, தங்கைகளை வளர்த்தார்.

அப்பா விட்டுச் சென்ற சொத்து, தமிழ்! பழந்தமிழ் இலக்கியத்தில் கிருஷ்ணனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. பிற்காலத்தில் ஒரு பறவையைப் பார்த்தால், நம் பழைய புலவர்கள் இதை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று யோசிப்பது அவருடைய வழக்கமானது.

படிப்பு ஒரு பக்கம், மலை ஒரு பக்கம்

இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே பைசன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் தாவரவியல் கற்பித்தார். நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் செடி கொடிகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர் அவர். அவரோடு கிருஷ்ணனும் மலைகளுக்குப் போனார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார்.

ஓவியம் வரைபவர்களுக்கு ஒரு லாபம் உண்டு, குட்டீஸ்! ஒரு கொக்கை வரைய வேண்டும் என்றால், அதன் கழுத்து எங்கே வளைகிறது, கண் மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, கால் எந்த இடத்தில் மடங்குகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் வரைய முடியாது. பின்னாளில் கிருஷ்ணன் கேமரா பிடித்தபோது, இந்தப் பழக்கம் அவருக்கு மிகவும் கை கொடுத்தது. கடைசி வரை தன் கட்டுரைகளுக்குத் தானே பேனாவால் படம் வரைந்தார்.

பி.ஏ., முடித்தார். 1936ல் சட்டமும் முடித்தார். ஆனால், பரீட்சையில் பெரிய மார்க் வாங்கும் மாணவராக அவர் இருக்கவில்லை. நல்ல வேலை கிடைக்கவில்லை. சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரையும், கேலிச்சித்திரமும் வரைந்து அனுப்பி, அதில் வந்த பணத்தில் காலம் தள்ளினார்.

1942ல் ஒரு வாய்ப்பு வந்தது. பெல்லாரிக்குப் பக்கத்தில், இன்றைய கர்நாடகாவில், சண்டூர் என்ற குட்டி சமஸ்தானம் இருந்தது. அதன் ராஜா இவரை வேலைக்கு அழைத்தார். அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு சமயம் பள்ளி ஆசிரியர்; ஒரு சமயம் நீதிபதி; ஒரு சமயம் விளம்பர அதிகாரி; பிறகு ராஜாவின் அரசியல் செயலர்!

மீதி நேரமெல்லாம் காட்டில் சுற்றினார். ஆடு மேய்த்தார். புறா வளர்த்து, அவற்றைக் கடிதம் கொண்டு போகப் பழக்கினார். சுற்றிலும் உள்ள உயிர்களைக் கவனித்துக் குறிப்பு எழுதினார்.

1949ல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 37. இனி எவரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை; எழுத்தும், படமும்தான் பிழைப்பு என்று முடிவு செய்தார். துணிச்சலான முடிவுதான்! அந்தக் காலத்தில் நம் நாட்டில், பறவையையும் விலங்கையும் படமெடுத்து ஒருவர் குடும்பம் நடத்தலாம் என்று எவரும் நினைக்கவில்லை. துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவர்கள் நிறைய இருந்தனர். கேமராவோடு போனவர்கள் மிகக் குறைவு.

ஒட்டுப் போட்ட கேமரா

கிருஷ்ணனின் கேமரா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

விலை உயர்ந்த புது கேமரா வாங்க அவரிடம் பணம் இல்லை. என்ன செய்தார்? ஒரு கம்பெனியின் கேமரா உடலை எடுத்தார். வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்சை அதில் பொருத்தினார். மற்ற பாகங்களையும் எங்கெங்கிருந்தோ சேர்த்து, தானே ஒட்டி, முடுக்கி, ஒரு கேமரா செய்து கொண்டார். அது பெரியது, கனமானது. தூக்கிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு! அதற்கு அவரே வேடிக்கையாக, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்தார். பயங்கர கனம் என்பதைத்தான் அப்படிக் கிண்டலாகச் சொன்னார்! அதைப் பார்த்த மற்ற புகைப்படக்காரர்கள் ஆச்சரியப்பட்டனர். சிலர் கேலியும் செய்தனர். ஆனால், அதில் அவர் எடுத்த படங்களைப் பார்த்ததும் வாயடைத்துப் போயினர்.

அவர் எடுத்தது எல்லாம் கறுப்பு - வெள்ளைப் படங்கள். கலர் பிலிம் வந்த பிறகும் மாறவில்லை.

இன்று மொபைல் போனில் ஒரு நிமிடத்தில் 100 படம் எடுத்து, பிடிக்காததை அழித்துவிடுகிறோம். அன்று அப்படி முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் செலவு உண்டு. வெளிச்சத்தைக் கண்ணால் கணக்குப் போட வேண்டும். தூரத்தைக் கையால் திருகிச் சரி செய்ய வேண்டும். படம் நன்றாக வந்ததா இல்லையா என்பது, ஊர் திரும்பி, இருட்டறையில் பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். அதனால், பட்டனை அழுத்துவதற்கு முன், நிறைய யோசித்தாக வேண்டும். நிறையக் காத்திருந்தாக வேண்டும்.

வேடந்தாங்கல்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வழியாகத் தென்கிழக்கே போனால், வேடந்தாங்கல் வரும். 2019ம் ஆண்டு வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது செங்கல்பட்டு மாவட்டம். ஏரி ரொம்பப் பெரியதில்லை; ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. மழைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பறவைகள் அந்த மரங்களில் கூடு கட்டி, குஞ்சு பொரிக்கின்றன.

இந்த ஊர் மக்களின் கதை பெருமையானது. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால், அதுவே உரம்! ஆகவே, பறவை நம் விளைச்சலின் கூட்டாளி என்பது அவர்களுக்குப் பல தலைமுறைகளாகத் தெரியும். ஆங்கிலேயர் காலத்தில், துப்பாக்கியோடு வந்தவர்கள் இங்குள்ள பறவைகளைச் சுட்டதும், ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1790களில் இந்தப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, இங்கே எவரும் சுடக்கூடாது என்று உரிமை வாங்கினர். 1936ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ல் உலக அளவில் முக்கியமான 'ராம்சார்' ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

வேடந்தாங்கல் கிருஷ்ணனின் மனதுக்கு நெருக்கமான இடம். இங்குள்ள பறவைகளைக் கூர்ந்து பார்த்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். பறவைகளைப் பற்றி அவர் தமிழில் எழுதியவற்றை, எழுத்தாளர் பெருமாள்முருகன் பிற்காலத்தில் தொகுத்து, 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற நூலாகக் கொண்டு வந்தார்.

மூக்கைப் பார், பெயரைச் சொல்!

நீரில் நடந்து இரை தேடும் பறவைகளை ஏன் பக்கத்தில் பார்க்க வேண்டும் தெரியுமா? தூரத்தில் எல்லாமே ஒரே மாதிரி தெரியும். முகத்தை மட்டும் பெரிதாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் எப்படிப் பிழைக்கிறது என்பது அதன் மூக்கிலேயே எழுதியிருக்கும்!

நத்தைகுத்தி நாரையின் முகப் படத்தைப் பாருங்கள். மூக்கை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். உடைந்து போனதோ என்று நினைக்காதீர்கள். வழுக்கும் நத்தையைப் பிடிக்க உதவும் அமைப்பு அது. இதில் ஒரு வேடிக்கை. குஞ்சின் மூக்கில் இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் அது உண்டாகிறது.

கரண்டிவாயனுக்கு மூக்கின் நுனி தட்டையாக, தோசைக் கரண்டி மாதிரி இருக்கும். அதைத் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும்.

அரிவாள்மூக்கனின் மூக்கு, பெயருக்கு ஏற்றபடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். சேற்றுக்குள் குத்திப் புழு, பூச்சிகளை எடுக்க வசதி.

சங்குவளை நாரைக்கு மஞ்சள் மூக்கு. முகத்தில் இறகே இல்லாமல் ஆரஞ்சு நிறத் தோல் தெரியும். மூக்கைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் வைத்திருக்கும். மீன் வந்து பட்டதும், டக்கென்று மூடிக்கொள்ளும். கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை!

வக்காவுக்குச் சிவப்புக் கண். பகலில் மரத்தில் தூங்கி வழிந்துவிட்டு, பொழுது சாய்ந்த பின் வேட்டைக்குக் கிளம்பும்.

சின்னக் கொக்குக்குக் கறுப்பு மூக்கு, கறுப்புக் கால். ஆனால், பாதம் மட்டும் மஞ்சள். காலுறை போட்டது போல இருக்கும்.

பார்த்தீர்களா? கொக்கு என்று ஒரே சொல்லில் நாம் ஒதுக்கி வைத்த கூட்டத்தில் எத்தனை முகங்கள்! பறவைகளுக்குத் தமிழில் நல்ல நல்ல பெயர்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தி எழுத வேண்டும் என்பதில் கிருஷ்ணன் உறுதியாக இருந்தார்.

வெள்ளையில் ஒரு சவால்

கறுப்பு - வெள்ளையில் வெள்ளைக் கொக்கைப் படமெடுப்பது சாதாரண வேலை இல்லை. நடுப்பகல் வெயிலில் எடுத்தால், இறகு எதுவும் தெரியாது. ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும். வெளிச்சம் குறைவாக விழும்படி எடுத்தால், கொக்கு சாம்பல் நிறமாகிவிடும்.

அதிகாலையிலோ மாலையிலோ, சூரியன் தாழ்ந்திருக்கும் போது, வெளிச்சம் பக்கவாட்டில் விழும். அப்போது ஒவ்வோர் இறகுக்கும் மெல்லிய நிழல் உண்டாகும். பட்டு நூலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இழை இழையாகத் தெரியுமே, அது போல! கண்ணில் ஒரு சின்னப் புள்ளியாக ஒளி விழுந்தால், படத்துக்கு உயிர் வந்துவிடும். இதெல்லாம் ஒன்றாகக் கூடி வரும் ஒரு நொடிக்காக, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கிட்டே போனால் என்ன?

இவ்வளவு கஷ்டப்படுவானேன்? நேராகக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்துவிடலாமே என்று தோன்றுகிறதா?

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. வெயில் நேரத்தில் சங்குவளை நாரை, கூட்டின் மேல் நின்று, இறக்கையைக் குடை மாதிரி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். நாம் கிட்டே போனால், பயந்து பறந்துவிடும். நிழல் போய்விடும். சில நிமிடங்களிலேயே குஞ்சு வெயிலில் வாடத் துவங்கும். காத்திருக்கும் காகம் முட்டையைத் தூக்கிப் போய்விடும். பதறிய குஞ்சு, கூட்டிலிருந்து தண்ணீரில் விழுந்தாலும் விழும். நமக்குக் கிடைப்பது ஒரு படம். பறவைக்குப் போவது அந்த ஆண்டின் பிள்ளைகள்!

இதனால்தான், பறவையை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு படமெடுப்பதே சரியான முறை. அது எப்போது இரை தேடும், எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு தூரம் வரை நம்மைப் பொறுத்துக்கொள்ளும் என்று தெரிந்தவர், அதைக் கலைக்காமலே நல்ல படம் எடுப்பார். கிருஷ்ணனின் படங்களில் விலங்குகளும் பறவைகளும் மிரண்டு ஓடாமல், தம் வேலையைப் பார்த்தபடி இருப்பதற்கு, அவர் வருடக்கணக்கில் சேர்த்த இந்த அறிவுதான் காரணம்.

யானைக் கூட்டத்தின் நடுவே

கிருஷ்ணன் பறவைகளோடு நிற்கவில்லை. முதுமலை போன்ற காடுகளில், காட்டு யானைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். சில சமயம் நடந்தே போனார். சில சமயம் பழகிய யானையின் முதுகில் ஏறிப் போனார். இன்றும் அவருடைய பெயரைச் சொன்னால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த யானைப் படங்கள்தான்.

1968ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு நினைவு ஆய்வு நிதி கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளில் உள்ள பெரிய விலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். பல இடங்களில் அவை குறைந்துகொண்டே வருவதை நேரில் பார்த்து எழுதினார். மத்திய அரசின் காட்டுயிர் வாரியத்தில் நீண்ட காலம் உறுப்பினராக இருந்தார். மனதில் பட்டதை, எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார். நம் மண்ணின் மரங்களை விட்டுவிட்டு, அழகுக்காக வெளிநாட்டு மரங்களைச் சாலையோரம் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1995ல் ஐ.நா.,வின் சுற்றுச்சூழல் அமைப்பும் அவரைக் கவுரவித்தது.

1950ல், கோல்கட்டாவின், 'ஸ்டேட்ஸ்மேன்' ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றி ஒரு பகுதி எழுதத் துவங்கினார். எத்தனை ஆண்டுகள் எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? 46 ஆண்டுகள்! 1996ம் ஆண்டு பிப்ரவரி 18ம் தேதி, தன் 83வது வயதில், சென்னையில் அவர் காலமானார். அவருடைய கடைசிக் கட்டுரை அன்றுதான் வெளியானது.

உங்கள் வீட்டுக் கொல்லையே போதும்!

1961ல் வெளியான கிருஷ்ணனின் ஒரு நூல், காட்டையும் வீட்டுக் கொல்லையையும் சமமாக வைத்துப் பேசியது. புலியைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காகம், அணில், பல்லியைப் பற்றியும் எழுதினார். காட்டுக்குப் போக முடியவில்லையே என்று நீங்கள் ஏங்க வேண்டியதில்லை.

நாளைக் காலை, உங்கள் ஊர்க் கோவில் குளத்துக்கோ ஏரிக்கோ, அப்பா, அம்மாவுடன் போங்கள். பழுப்பு நிறத்தில், கூனிக் குறுகி ஒரு மடையான் நின்றுகொண்டிருக்கும். கல்லெறியாதீர்கள், விரட்டாதீர்கள். கரையிலேயே உட்கார்ந்து, 10 நிமிடம் அதை மட்டும் பாருங்கள். அது எழுந்து பறக்கும் போது, உள்ளே ஒளித்து வைத்திருந்த வெள்ளை இறக்கைகள் பளிச்சென்று விரியும்! பார்த்ததை வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் வரையுங்கள். மூக்கின் நீளம், கண்ணின் நிறம், காலின் நிறம், பார்த்த தேதி என்று குறித்து வையுங்கள்.

வேடந்தாங்கல் போனால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கரை மேல் நின்றே பாருங்கள். சத்தம் வேண்டாம். 'பிளாஷ்' போட்டுப் படமெடுக்க வேண்டாம். தொலைநோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த முறை வீட்டில் பட்டுப் புடவை பிரிக்கும் போது, கரையில் இருக்கும் அன்னத்தையும் மயிலையும் காட்டி, இவை மட்டும்தானா பறவை. எங்கள் ஏரியில் நத்தைகுத்தியும், கரண்டிவாயனும், வக்காவும் இருக்கின்றன என்று பாட்டியிடம் பெயரோடு சொல்லிப் பாருங்கள். பாட்டி அசந்து போவார்! என்ன குட்டீஸ்... நோட்டும் பென்சிலும் தயாரா?